இரண்டு இலக்கம்

வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்கு
மஹ்பூலா முகாமிலிருந்து போன்.
"தம்பி, கம்ப்யூட்டர் என்னைப்
பழசுங்குது."
செவத்தியான். ரொட்டிக் கம்பெனிக்கு வேன் ஓட்டுகிறவர்.
விடுப்புப் படிவம் திறக்கவில்லையாம்,
சிவப்புக் கட்டம் ஒன்று மட்டும் நிற்கிறதாம்:
உங்கள் பிரவுசர் மிகப் பழையது.
புதுப்பித்துவிட்டு வரவும்.

நேற்று ராத்திரிதான் அது தன்னைப் புதுப்பித்துக்கொண்டது.
யாரையும் கேட்கவில்லை.
ஏசி மட்டும் முனகிக்கொண்டிருந்த அறையில்
தொண்ணூற்றொன்பது
நூறாகியிருக்கிறது.

ஃபர்வானியாவில் என் கட்டிலும் மேசையும் ஒன்றுதான்.
சம்மணம் போட்டு லேப்டாப்பைத் திறந்தேன்.
மேல்கட்டிலில் நெய்னார் புரண்டு படுத்து
வெளிச்சத்தைக் குறை என்றான்.
வாட்ஸ்அப்பில் அதற்குள் பதினேழு குரல்செய்தி.
கணக்குப் பிரிவு வஜ்தி
அரபியில் தொடங்கி, ஆங்கிலத்தில் கோபப்பட்டு,
மறுபடி அரபிக்குத் திரும்பி
என்னை இறைவனிடம் ஒப்படைத்திருந்தார்.
ஓவர்டைம், சாப்பாட்டுக் கணக்கு, விடுப்பு,
எல்லா வாசலிலும் அதே சிவப்பு.

முதலில் பிரவுசரைத்தான் ஏசினேன்.
மாசத்துக்கொரு சட்டை மாற்றுகிற மைனர்.
போன தடவை அரபிப் பக்கத்தில்
தேதியெல்லாம் சுவரோடு போய் ஒட்டிக்கொண்டது.
அதற்கு முந்தி, அச்சிடும் பொத்தான்
கண்ணுக்குத் தெரிந்தது, விரலுக்கு எட்டவில்லை.
மாற்றுகிறவன் எங்கோ இருக்கிறான்,
அவன் ஊரில் இப்போது மழை பெய்துகொண்டிருக்கலாம்.
அவனுக்கு மஹ்பூலா தெரியாது.
எனக்கு அவன் பெயர் தெரியாது.

பிறகு வரி வரியாக இறங்கினேன்.
ஆயிரத்து நானூறைத் தாண்டிக் கிடந்தது:
பதிப்பு எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை எடு.
நாற்பதுக்குக் குறைந்தால் உள்ளே விடாதே.

நூறில் முதல் இரண்டு இலக்கம்
பத்து.

உலகத்திலேயே புதுசாக வந்தவனை
வாசலில் மறித்து
கிழவா, போய்விட்டு வா என்கிறான் காவலாளி.
நெய்னாரை எழுப்பிச் சொல்லலாமா என்றிருந்தது.
சொல்லியிருந்தால் அடித்திருப்பான்.

எழுதின மகராசன் யார் என்று தேடினேன்.
இந்த நாற்காலியில் உட்கார்ந்து போனவர்கள் கொஞ்சமா?
ஹைதராபாத் ஃபர்ஹத்துல்லா,
மூன்றே வாரம் இருந்த அலெக்சாந்திரியாக்காரன்,
யார் தலையிலும் கட்டலாம்.
ஆனால் வரிக்கு மேலே ஒரு குறிப்பு இருந்தது,
நல்ல தமிழில், ஆங்கில எழுத்தில்:
இப்போதைக்கு இது போதும்,
ரெண்டு வருஷம் ஓடும்.

என் கை.
வந்திறங்கிய மூன்றாவது மாசம்.
அன்றைக்குப் பதிப்பு நாற்பத்தேழோ எட்டோ.

இதோ ஆறரை வருஷம்.
இகாமா நாலு தடவை புதுப்பித்தாயிற்று.
நாலு அட்டையையும் அடுக்கிப் பார்த்தால்
நெற்றி கொஞ்சம் கொஞ்சமாகப் பின்வாங்குவது தெரியும்.
மூன்றாவது இலக்கத்தை
யோசிக்காமல் விட்டது சோம்பலால் இல்லை,
வஜ்தியிடம் இதைச் சொல்ல முடியாது.
அது வரும்போது
நான் இங்கே இருப்பேன் என்று நினைக்கவில்லை.

திருத்தம் ஒரே வரி.
புள்ளி வரும்வரை படி.

ஏழேமுக்காலுக்கு ஏற்றிவிட்டுக் கூப்பிட்டேன்.
இப்போ பாருங்கண்ணே.
மௌஸ் தட்டுகிற சத்தம். பின்னால் யாரோ
குழாயடியில் வாளிக்குச் சண்டை.

"தெறந்திருச்சு தம்பி.
ஆனா இன்னொண்ணு.
எத்தனை நாள் விடுப்புன்னு ஒரு கட்டம் கேக்குதுல்ல,
அதுல ரெண்டு எழுத்துக்கு மேல ஏற மாட்டேங்குது.
எனக்கு நூத்திப்பதினேழு நாள்
சேந்து கெடக்கு."